கடைக்காரர் கேட்டது கம்பெனியா, ஜி.எஸ்.டி. பில்லா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பா எனக்கு எழுதிக்கொடுத்த 4 ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. ஊடுபயிராக மிளகு. இரண்டு வருடமாகக் கொட்டை முழுவதையும் வியாபாரிக்குப் போடாமல், ஒரு பகுதியை வறுத்து அரைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். இப்போது பெங்களூரில் ஒரு கடைக்காரர் மாதாமாதம் தூள் கேட்கிறார். ஆனால் "கம்பெனி பில் வேண்டும்" என்கிறார். சேலத்தில் தனியார் வேலையில் இருக்கும் தம்பி 5 லட்சம் போடத் தயாராக இருக்கிறான். 1,499 ரூபாயில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்து தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். நானே அரசு இணையதளத்தில் பதிவு செய்ய முடியுமா? என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். அவரையும் என்னையும் டைரக்டராகப் போடலாமா? வீட்டுக் கரண்ட் பில் காலமான மாமனார் பெயரில் இருக்கிறது. என் ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர். "ஏற்காடு காபி" என்றே பெயர் வைக்க ஆசை. வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். 1820களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இருநூறு வருடமாக இந்த மலைக் காபி மூட்டை மூட்டையாகக் கீழே இறங்குகிறது. விளைவித்தவரின் பெயர் பாக்கெட்டில் ஏறுவதுதான் அபூர்வம். நீங்கள் அதைச் செய்யப் பார்க்கிறீர்கள். அதனால்தான் அவசரப்பட்டு ஒரு கம்பெனியைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெங்களூர் கடைக்காரர் "கம்பெனி பில்" என்று சொன்னது பெரும்பாலும் ஜி.எஸ்.டி. பில்லைத்தான். அவர் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள அந்த பில் அவருக்கு வேண்டும். பில் கொடுப்பவர் பிரைவேட் லிமிடெட்டா, தனி ஆளா என்பது அவருக்கு முக்கியமில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அவர் என்ன சொன்னாலும் ஜி.எஸ்.டி. உங்களுக்குக் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. மாநில எல்லையைத் தாண்டி விற்றால் அந்த விலக்கு கிடையாது, முதல் கிலோவிலிருந்தே பதிவு வேண்டும். வறுக்காத கொட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வறுத்த கொட்டைக்கும் தூளுக்கும் 5 சதவீதம். விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்குள்ள பதிவு விலக்கு, வறுத்து அரைத்த தூளுக்குப் பொருந்தாது.

ஜி.எஸ்.டி. பதிவை உங்கள் சொந்தப் பெயரிலேயே, தனி உரிமையாளராக எடுக்கலாம். அரசுக்குக் கட்டணம் கிடையாது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான். உத்யம் பதிவை, ஆதாரும் பானும் ஓ.டி.பி. வரும் போனும் இருந்தால், உட்கார்ந்த இடத்தில் முடிக்கலாம். தேடும்போது அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் மேலே வந்து பணம் கேட்கும். முகவரியின் முடிவில் 'கவ்.இன்' (gov.in) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவை, அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணை, 'ஃபாஸ்காஸ்' தளத்தில் எடுக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு விற்றாலும் இது தேவை என்பதால், இதை இந்த வாரமே தொடங்குங்கள். சிக்கரி கலப்பதாக இருந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

இவை இருந்தாலே பெங்களூருக்குத் தூள் அனுப்பிவிடலாம். அப்படியென்றால் கம்பெனி எதற்கு? தம்பியின் 5 லட்சத்துக்காக. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன் வருமான வரியில் ஒரு விஷயம். காபி பயிரிடுபவர்கள் பலருக்கே இது தெரிவதில்லை. தானே பயிரிட்டு, பதப்படுத்தி, வறுத்து, அரைத்து விற்பவரின் லாபத்தில் 40 சதவீதம் மட்டுமே வியாபார வருமானம். மீதி 60 சதவீதம் விவசாய வருமானம். பதப்படுத்திய கொட்டையாகவே விற்றால் வியாபாரப் பங்கு 25 சதவீதம்தான். விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி கிடையாது, வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் சேர்த்துப் பார்ப்பார்கள். இப்போது தோட்டம் உங்கள் பெயரில், வியாபாரமும் உங்கள் பெயரில். அதனால் இந்தப் பிரிப்பு உங்களுக்குக் கிடைக்கிறது. நாளைக்குக் கம்பெனி வந்து, அது உங்களிடம் கொட்டையை வாங்கி வறுத்து விற்றால், கம்பெனி பயிரிட்டவர் ஆகாது. வறுத்து விற்பதில் வரும் லாபம் முழுக்க வியாபார வருமானம் ஆகிவிடும். தனி ஆளுக்கு இருப்பதுபோல் இத்தனை லட்சம் வரை வரியில்லை என்ற சலுகையும் கம்பெனிக்குக் கிடையாது. லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே வரி. குறைந்த விகிதமான 22 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சர்சார்ஜ், செஸ் சேர்த்து ஏறக்குறைய 25 சதவீதம் போய்விடும். 4 ஏக்கர்காரருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

இனி அந்த 1,499 ரூபாய் விளம்பரம். கம்பெனி பதிவுக்கு அரசு வாங்கும் கட்டணமே குறைவுதான். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அதாவது கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு, 15 லட்சம் வரை இருந்தால் பதிவுக் கட்டணம் இல்லை. பெயரை ஒதுக்கிவைக்க 1,000 ரூபாய், மாநில முத்திரைத் தீர்வை, பான் எண்ணுக்கும் வரிப் பிடித்தத்துக்கான டான் எண்ணுக்கும் சிறு தொகை, டைரக்டர்களின் டிஜிட்டல் கையெழுத்துக்கு ஆகும் செலவு, அவ்வளவுதான். குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனையையும் 2015இல் எடுத்துவிட்டார்கள். விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் அவர்களுடைய சேவைக் கட்டணம் மட்டும். மீதியெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். அதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. எனக்கு வருத்தம் வேறு இரண்டு விஷயத்தில்.

ஒன்று, படிவத்தில் உங்கள் மின்னஞ்சலுக்கும் கைபேசி எண்ணுக்கும் பதிலாக ஏஜெண்ட் தன்னுடையதைப் போட்டுவிடுவது. கம்பெனிக்கு வரும் ஒவ்வொரு நோட்டீசும் ஓ.டி.பி.யும் அப்புறம் அவருக்குத்தான் போகும். இரண்டு வருடம் கழித்து, இப்படி ஒரு கம்பெனி தன் பெயரில் உயிரோடு இருப்பதே மறந்துபோன நிலையில் அபராத நோட்டீசோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பென் டிரைவ் போல இருக்கும் அந்தச் சின்னப் பொருளும் அதன் பாஸ்வேர்டும் சட்டப்படி உங்கள் கையெழுத்துதான். "எங்களிடமே இருக்கட்டும், அடிக்கடி தேவைப்படும்" என்பார்கள். கொடுக்காதீர்கள். தேவைப்படும்போது நீங்களே செருகி, என்ன படிவம் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்களா? இதுவும் அதேதான்.

நீங்களே பதிவு செய்ய முடியுமா என்றால், பாதி முடியும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் 'ஸ்பைஸ் பிளஸ்' என்ற படிவம் 2020 பிப்ரவரி முதல் இருக்கிறது. அதன் முதல் பகுதியில் பெயர் ஒதுக்கீடு. லாகின் உருவாக்கி நீங்களே செய்யலாம். இரண்டாம் பகுதியில்தான் கம்பெனி பிறக்கிறது. டைரக்டர் அடையாள எண், பான், டான், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வங்கிக் கணக்கு எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். விரும்பினால் ஜி.எஸ்.டி.யும் அதிலேயே கேட்கலாம். அந்தப் பகுதியில் தொழில் நடத்தும் ஆடிட்டரோ, கம்பெனி செயலரோ, காஸ்ட் அக்கவுண்டண்டோ, வழக்கறிஞரோ சான்றளித்துத் தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட வேண்டும். யாரிடம் போனாலும் "கையெழுத்துப் போடப்போவது யார்? அவருடைய உறுப்பினர் எண் என்ன?" என்று கேளுங்கள். அந்த எண்ணை அவரவர் இன்ஸ்டிட்யூட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது ஹரியானா மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையம். பதிவான பிறகு சேலம் மாவட்டக் கம்பெனிகள் கோயம்புத்தூர் பதிவாளரின் கீழ் வரும்.

பெயர் விஷயத்தில் உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் மட்டும் சேர்ந்தது ஒருவருக்கே உரிய பெயராக நிற்காது, திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கே உரிய ஒரு சொல்லை முன்னால் வையுங்கள். தோட்டத்துக்குக் குடும்பத்தில் வழங்கும் பெயர், சோலையின் பெயர், எதுவானாலும் சரி. ஏற்கெனவே உள்ள கம்பெனியின் பெயரோடு ஒலி ஒத்துப்போனாலும் ஏற்கமாட்டார்கள். எழுத்துக்கூட்டலை மாற்றித் தப்பிக்க முடியாது. ஒரு விண்ணப்பத்தில் இரண்டு பெயர் கொடுக்கலாம். திருப்பி அனுப்பினால் 15 நாளுக்குள் ஒருமுறை திருத்தலாம். கிடைத்த பெயர் 20 நாள்தான் உங்களுக்காகக் காத்திருக்கும், அதற்குள் இரண்டாம் பகுதியைப் போட்டாக வேண்டும். கம்பெனிப் பெயர் கிடைத்தால் பிராண்டும் உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். டிரேட்மார்க் தனி விண்ணப்பம். காபிக்கு 30ஆம் வகுப்பு, தனிநபர் ஆன்லைனில் போட 4,500 ரூபாய். கம்பெனி இல்லாமலே உங்கள் பெயரில் வாங்கலாம். கம்பெனி தொடங்குகிறீர்களோ இல்லையோ, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மேலே சொன்ன அந்த 20 நாள்தான் நம் ஊர்க்காரர்களைத் திணறடிக்கும் இடம். காரணம் இனிஷியல். பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாகப் போடுவார்கள். ஆதாரில் ஒற்றை எழுத்தோடு விட்டிருப்பார்கள். கல்யாணமான பெண்களுக்கு அந்த எழுத்தும் மாறியிருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரிந்துவிடும், கணினிக்குப் புரியாது. டிஜிட்டல் கையெழுத்து பானில் உள்ள பெயரில்தான் வரும். படிவமும் பெயரை வருமான வரித்துறைப் பதிவோடு ஒப்பிடும். டைரக்டர் விவரத்தில் கல்யாணமான பெண்ணிடமும் அப்பா பெயரைத்தான் கேட்கும். அதனால் பானை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதில் உள்ளதுபோலவே ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் பானோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பானிலேயே எழுத்துப் பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். வங்கிக் கணக்கிலும் அதே பெயரைக் கொண்டுவாருங்கள். தம்பிக்கும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். பதிவு அலுவலக முகவரிக்கு இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கரண்ட் பில், கேஸ் பில், டெலிபோன் பில் போன்ற ஒன்று வேண்டும். நம் ஊரில் ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பில் வந்த கையோடு விண்ணப்பிக்காவிட்டால் "பழைய பில்" என்று திருப்பிவிடுவார்கள். அதோடு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் தேவை. காலமானவர் பெயரில் பில் இருந்தால் யாரிடம் சம்மதம் வாங்குவது? வாரிசுச் சான்றிதழை வைத்து வீட்டு வரியையும் இ.பி. இணைப்பையும் வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். தனியாக ஜி.எஸ்.டி. எடுப்பதற்கும் முகவரிச் சான்று கேட்பார்கள் என்பதால் இந்த வேலை எப்படியும் தப்பாது. கம்பெனியை உடனே தொடங்க வேண்டியிருந்தால், சேலத்தில் தம்பியின் வீட்டையே பதிவு அலுவலகமாகக் காட்டலாம். தபாலை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும் இடமாக இருந்தால் போதும், வறுக்கும் இடமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மலை முகவரிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எஸ்டேட் பெயர் மட்டும் இருந்து கதவு எண் இல்லாத இடத்தைச் சரியாக எழுதுவது சிரமம். எந்த முகவரியானாலும் வாசலில் பலகை வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் தமிழிலும் எழுத வேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது.

கணவரை டைரக்டராகப் போடாதீர்கள். அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் வியாபாரத்தில் ஈடுபடவோ, கம்பெனியைத் தொடங்கி நடத்துவதில் பங்கெடுக்கவோ நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உதவிக்காக அவருடைய வேலையைப் பணயம் வைக்கக் கூடாது. உங்கள் வியாபாரத்தைப் பற்றித் துறைக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதை அவர் தம் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு டைரக்டர், இரண்டு பங்குதாரர் போதும். நீங்களும் தம்பியுமே அந்த இருவர். வெளிவேலை கூடாது என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தம்பியின் வேலை ஒப்பந்தத்தை மட்டும் படித்துப் பாருங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்தபிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை. இணையத்தில் கம்பெனி தொடங்குவது எளிதாகிவிட்டது, நல்ல விஷயம். ஆனால் தொடங்கியதை வருடாவருடம் காப்பாற்ற வேண்டும். 30 நாளுக்குள் முதல் போர்டு கூட்டம் போட்டு ஆடிட்டரை நியமிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட பங்குத் தொகையை நீங்களும் தம்பியும் அவரவர் சொந்தக் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். ரொக்கமாகவோ, கணவரின் கைபேசியிலிருந்தோ அனுப்பாதீர்கள். பணம் வந்ததைக் காட்டி 180 நாளுக்குள் 'ஐ.என்.சி. 20ஏ' என்ற அறிவிப்பைப் போட வேண்டும். அதற்குமுன் கம்பெனி வியாபாரமே தொடங்கக் கூடாது. இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். மறந்தால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். டைரக்டர்களுக்கு நாளுக்கு 1,000 ரூபாய் வீதம், 1 லட்சம் வரை. பிறகு ஒவ்வொரு வருடமும், ஒரு கிலோகூட விற்காவிட்டாலும், தணிக்கை உண்டு. கணக்கறிக்கை ஒரு படிவம், ஆண்டறிக்கை ஒரு படிவம். தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டும் ஒரு வருடம் தாமதமானால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டுக்குப் போடாமல் விட்டால் ஐந்து வருடம் எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. மூடுவதற்கும் விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய். விளம்பரத்தில் இதெல்லாம் இருக்காது.

இப்போது தம்பி. அவர் தரும் 5 லட்சம் கடனா, பங்கா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கூடப்பிறந்தவனிடம் இதைக் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். கேட்காமல் விட்டு, வியாபாரம் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு மனக்கசப்பான குடும்பங்களை நான் அறிவேன். கடன் என்றால் வங்கி வழியாக வாங்கி, வட்டியையும் தவணையையும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். தனி உரிமையாளராகவே ஒன்றிரண்டு அறுவடை நடத்துங்கள். என் பரிந்துரையும் அதுதான். பங்கு என்றால் இரண்டு வழி. எல்.எல்.பி., அதாவது பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம், அதில் தணிக்கைச் சுமை குறைவு. விற்பனை 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை கட்டாயத் தணிக்கை இல்லை. ஆனால் வருமான வரி 30 சதவீதம், வருடத்துக்கு இரண்டு படிவமும் உண்டு. நாளைக்கு வெளியாரிடம் முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் பிரைவேட் லிமிடெட் சரி. அப்போதும் தோட்டத்தைக் கம்பெனிக்குள் கொண்டுபோகாதீர்கள், பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கம்பெனி உங்களிடம் கொட்டையை என்ன விலைக்கு எடுக்கும் என்பதைச் சந்தை விலையை ஒட்டி ஒப்பந்தமாக எழுதுங்கள்.

பங்குதான் என்று தம்பி சொன்னால், முதல் வேலை உங்கள் ஆதாரைத் திருத்துவது. திருத்திய ஆதாரும் புது கரண்ட் பில்லும் கைக்கு வரும்வரை பெயருக்கான அந்த 1,000 ரூபாயைக் கட்டாதீர்கள். பெங்களூர்க்காரரைக் காக்கவைக்க வேண்டாம். உங்கள் பெயரில் ஜி.எஸ்.டி. எண் வந்ததும் முதல் பார்சலை அனுப்பிவிடலாம்.